விமானத்தில் இடமில்லாமல் நின்றவர்

எங்கள் பள்ளிக்கு ‘சிப்பாய் லூசியோ சொத்தேலோ உயர்நிலைப் பள்ளி’ என்று பெயர். வாசலில் இருக்கும் அந்தப் பெயர்ப்பலகையை மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறித் துடைத்துக்கொண்டிருந்தவர் ஃபெர்மின் அக்கினோ. மணியடிப்பது, வகுப்பறைகளைப் பெருக்குவது, காலை இடைவேளைக்குப் பெரிய அலுமினியப் பானையில் மாத்தே என்னும் தேநீர் இலையும் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்து நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. நான் அங்கே வரலாறு நடத்தினேன். பதினோரு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். பலகையில் பெயர் இருக்கிறவனும் தானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே நாளில் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

நான் வெளியூர்க்காரி, அதனால் தெரியவில்லை. பாசோ நாந்துபாய் என்ற அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மால்வினாஸ் தீவுகளுக்காக எங்கள் நாடு இங்கிலாந்தோடு நடத்திய அந்தப் போரில் ஃபெர்மின் தீவில் கால் வைக்கவே இல்லை. தெற்கே, கடலுக்கு இந்தக் கரையிலேயே நின்றுவிட்டவர். அப்படி நின்றவர்களை யாரும் போர்வீரர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசாங்கமும் சேர்க்கவில்லை, ஊரும் சேர்க்கவில்லை. அவரும் தன்னைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

லூசியோவின் கதை வேறு. போர் தொடங்கிய நாளான ஏப்ரல் இரண்டாம் தேதி ஒவ்வொரு வருஷமும் சதுக்கத்தில் கொடியேற்றிவிட்டு அதைத்தான் வாசிப்பார்கள். குன்றின்மேல் இயந்திரத் துப்பாக்கியோடு தனியாக நின்று, கூட்டாளிகள் பின்வாங்கும்வரை சுட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் மார்பில் குண்டு வாங்கி விழுந்தான். பத்தொன்பது வயது. சவப்பெட்டி முத்திரையிட்டு வந்தது. திறக்கக் கூடாதென்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். அவனுடைய அம்மா எர்மெலிந்தா, ஊர் மரியாதையாகத் ‘தோன்யா’ என்று அழைக்கும் அம்மாள், முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கதையை முப்பது வருஷம் கேட்டார்.

எர்மெலிந்தா விதவை. லூசியோ ஒரே பிள்ளை. அவன் போன பிறகு அந்த வீட்டில் ஆம்பளை வேலை எல்லாம் ஃபெர்மின்தான் செய்தார். வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பது, கேஸ் சிலிண்டர் தூக்கிவந்து மாட்டுவது, ஆரஞ்சு மரத்தைக் கழிப்பது. ஃபெர்மினுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவர் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தூக்கத்தில் அவர் போடுகிற சத்தத்தைச் சகிக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு எர்மெலிந்தா வீட்டில்தான்.

“இவன எதுக்கு நான் பெக்கலன்னு தெரியல. ஒருத்தன பெத்தேன், ஒருத்தன வளக்குறேன்” என்று அந்த அம்மாள் எல்லோர் முன்னாலும் சொல்வார். ஃபெர்மின் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சம் என்றுதான் நினைத்தேன்.

2012-இல் போரின் முப்பதாவது ஆண்டு வந்தது. மாகாணத் தலைநகரில் இருந்த ஒரு நினைவுக்குழு எல்லாப் பள்ளிகளுக்கும் கடிதம் எழுதியது. மாணவர்கள் தங்கள் ஊர்ப் போர்வீரர்களின் வாய்மொழிக் கதைகளைக் குரல்பதிவு செய்து அனுப்பவேண்டும். கடைசி வகுப்பான ஐந்தாம் ஆண்டு மாணவர்களில் மைரா, நாவெல் என்ற இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தேன். மைரா எதையும் பாதியில் விடமாட்டாள். நாவெல் வாயாடி, யாரையும் பேசவைத்துவிடுவான்.

எங்கள் ஊர்ப் பட்டியலில் உயிரோடு திரும்பியவர்கள் என்று இரண்டு பெயர்கள்தான். ஒருவர் புவெனஸ் ஐரெஸ் போய் முகவரி இல்லாமல் போனவர். இன்னொருவர் தன் கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டவர்.

“அப்ப யாரைத்தான் டீச்சர் பதிவு பண்றது? தலைமையாசிரியரையா? அவரு கொசுவோட மட்டுந்தான் சண்டை போட்டிருக்காரு” என்றான் நாவெல்.

மைராதான் எர்மெலிந்தாவின் வீட்டுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். ரயிலடியில் மொட்டைத்தலையோடு இரண்டு பையன்கள், தோளில் கைபோட்டுக்கொண்டு. ஒருவன் லூசியோ. இன்னொருவன் எங்கள் ஃபெர்மின்.

மறுநாள் இடைவேளையில் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். “மாமா, நீங்க போருக்குப் போனீங்களா?”

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. “போருக்கு இல்லம்மா. போருக்குப் பக்கத்துல. ரெண்டு மாசம் ஸ்ட்ரெச்சர் தூக்கினேன். அது கணக்குல வராது. லிஸ்ட்ல போய்ப் பாரு, என் பேரு இருக்காது.”

“லிஸ்ட்டு எங்களுக்கு எதுக்கு? நீங்க பாத்தத சொல்லுங்க.”

“பாத்தத சொல்றதில்லன்னு பட்டாளத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். போ, மணியடிக்கப் போறேன்.”

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. இரண்டு வாரம் அவரை விரட்டினேன். அந்தக் காகிதத்துக்கு இப்போது மதிப்பில்லை என்றேன். உங்களைப் போல் கரையில் நின்றவர்களின் கதைதான் இந்த நாட்டில் யாருக்குமே தெரியாது என்றேன். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றேன். ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தோன்யா எர்மெலிந்தா உசுரோட இருக்கிற வரைக்கும் அது வெளிய வரக்கூடாது டீச்சர். வாக்குக் குடுப்பீங்களா?”

கொடுத்தேன். அவர் சொல்லப்போவது என்னவென்று தெரியாமலே கொடுத்தேன்.

மார்ச் மாதம், மதியம் மூன்று மணி. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்தாள் மைரா. ஃபெர்மின் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார். முதல் கால் மணி நேரம் நாவெலுக்குச் சிரிப்பு காட்டிக்கொண்டிருந்தார். பனியையே பார்க்காத எங்கள் கொரியெந்தெஸ் மாகாணத்துப் பையன்கள் அதைக் கையில் அள்ளிச் சர்க்கரை போட்டுத் தின்ற கதை. பிறகு விமான நிலையம்.

“வரிசையில நிக்கவச்சு எண்ணி எண்ணி ஏத்தினாங்க. லூசியோ எனக்கு முன்னாடி. அவன் ஏறினான், சார்ஜெண்ட் கையக் குறுக்க வச்சிட்டாரு. இடம் முடிஞ்சிருச்சு, அடுத்த விமானம்னாரு. அடுத்த விமானம் வரல. எங்கள ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தூக்கப் போட்டாங்க.”

“அப்பறம் அவரப் பாக்கவே இல்லையா மாமா?” என்றான் நாவெல்.

ஃபெர்மின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேசியதை நான் இங்கே அப்படியே தருகிறேன். எனக்கு அது மனப்பாடம்.

“ஜூன் ஆரம்பத்துல ஒருநாள் காலைல லாரியில இருந்து ஒருத்தன எறக்குறேன். கனமே இல்ல. காலி ஸ்ட்ரெச்சருன்னு நெனச்சேன். அவன் என் கையப் புடிச்சு, நம்மூர்ல கூட்டாளிய கூப்பிடுற மாதிரி, ‘சாமிகோ, நீ குண்டாயிட்டடா’ன்னான். குரல வச்சுத்தான் தெரிஞ்சுது. மூஞ்சி லூசியோ மூஞ்சி இல்ல. கால் ரெண்டும் முழங்காலுக்குக் கீழ குளிர்ல செத்து கருப்பு. குன்னு மேல பதினெட்டு நாளா சோறு வரலயாம். ஆடு ஒண்ணு புடிக்கலாம்னு எறங்கியிருக்கான். மாட்டிக்கிட்டான். ஈரத் தரையில நாலு முளை அடிச்சு, கை காலை இழுத்துக் கட்டிப் போட்டிருக்காங்க. ஒரு ராத்திரி, ஒரு பகல், மழையில. இங்கிலீஷ்காரன் இல்லம்மா. நம்மாளுங்க. எத்தன பேர சுட்டடான்னு கேட்டேன். ‘ஒருத்தனையும் இல்ல, துப்பாக்கி துருவேறிக் கெடந்துது’ன்னான்.

“சாயங்காலம் கால எடுக்கணும், அதுவரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காதேன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. மத்தியானம் பூரா அவன் ஒண்ணுதான் கேட்டான். பசிக்குதுடா, ரொட்டி குடுடா. என் கோட்டுப் பையில ரொட்டி இருந்துச்சு. காலைல எங்களுக்குக் குடுத்தது. நான் குடுக்கல. ‘ஆப்பரேஷன் முடியட்டும், நாளைக்கு முழு ஆட்டையே சுட்டுப் போடுறேன்’னேன். வீட்டுல பேசுற குவாரனியில என்னத் திட்டினான். என்ன திட்டினான்னு சொல்லமாட்டேன். அஞ்சு மணிக்கு உள்ள கொண்டுபோனாங்க. ஆறரைக்கு மூடி வெளிய கொண்டுவந்தாங்க. பொண அறைக்கும் நாந்தான் தூக்கினேன்.

“ஜூலையில ஊருக்கு வந்தேன். பெட்டி எனக்கு முன்னாடியே வந்து பொதைச்சாச்சு. கதையும் வந்தாச்சு. தோன்யா என்னக் கட்டிப்புடிச்சு, ‘அவனப் பாத்தியாடா’ன்னு கேட்டாங்க. விமானத்துல ஏறினப்பறம் பாக்கலன்னேன். அவ்வளவுதான்.”

மைரா கருவியை அணைத்தாள். நாவெல் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஃபெர்மின் எழுந்து, நாங்கள் நகர்த்திய நாற்காலிகளை எல்லாம் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பதிவை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் மைராவுக்குப் பதினேழு வயது. முகத்தைப் பூட்டத் தெரியவில்லை. இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எர்மெலிந்தா ஆசிரியர் அறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, அந்தப் பொண்ணு என்னப் பாத்தா தெருவத் தாண்டி அந்தப் பக்கம் போவுது. ஏன்?”

நான் முன்னாலிருந்த விடைத்தாள்களை அடுக்கினேன்.

“ஃபெர்மின் பேசினானாமே. என் பையன் அதுல இருக்கானா?”

“அவரையே கேளுங்க தோன்யா.”

“முப்பது வருஷமா அவனக் கேக்குறேன். அவன் கண்ணுல ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சுண்ணாம்பு அடிச்சே காலத்த ஓட்டிட்டான். நீ படிச்சவ. எனக்கு எழுபத்தேழு வயசு. இன்னும் எத்தன நாள் இருப்பேன்னு சொல்லு, அதுவரைக்கும் ஒளிச்சு வை.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாக்கு கொடுத்திருந்தேன். ஆனால் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று நான் நம்பினேன். இருபது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் வேறு எதை நம்புவாள்? இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்து அதன் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

நாற்பத்தொரு நிமிடம். கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டார். அழவில்லை. முடிந்ததும், “அந்தக் ‘குண்டாயிட்டடா’ன்னு சொல்ற எடத்த இன்னொரு தடவ போடு” என்றார். போட்டேன். “அவன் அப்படித்தான் பேசுவான்” என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

ஃபெர்மின் குவளைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

“ரொட்டி உங்கிட்ட இருந்துச்சாடா?”

“இருந்துச்சு தோன்யா.”

“எவ்வளவு?”

“ஒண்ணு. சின்னது.”

“அவன் கேட்டான்.”

“கேட்டான். டாக்டர் குடுக்கக் கூடாதுன்னாரு. சாயங்காலம் ஆயிரும், அப்பறம் தின்னுக்கலாம்னு...”

“அத என்ன பண்ண?”

பானையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

“கேக்குறேன்ல. அந்த ரொட்டிய என்னடா பண்ண?”

“தின்னுட்டேன் தோன்யா. அவனக் கொண்டுபோய்ப் போட்டுட்டு, வராந்தாவுல உக்காந்து தின்னுட்டேன். பசிச்சுது.”

இது பதிவில் இல்லை. எங்களிடம்கூட அவர் சொல்லவில்லை.

எர்மெலிந்தா அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. “ஞாயித்துக்கெழம வராதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வாசல் படியில் கால் தடுமாறியது. பிடிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஏப்ரல் இரண்டு. அதற்கு முன்னால் அந்த அம்மாள் நகராட்சிக்குப் போனார். இந்தத் தடவை அந்தக் கதையை வாசிக்காதீர்கள், என் பையன் பசியில் செத்தான், அதை வாசியுங்கள் என்று கேட்டார். மேயர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். “தோன்யா, உங்க மகன் இந்த ஊரோட வீரன். அவன் பேர யாரும் கெடுக்க நாங்க விடமாட்டோம்.” காபி வரவழைத்துக் கொடுத்து, வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி அதே குன்று, அதே இயந்திரத் துப்பாக்கி, அதே மார்பில் குண்டு. முதல் வரிசையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

வீட்டில் சுவரிலிருந்த படங்களை எல்லாம் அவர் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். முப்பது வருஷம் துணையிருந்த அந்த வீரன் அவரிடமிருந்து போய்விட்டான். அவனுக்குப் பதிலாக நான் கொடுத்தது முளையில் கட்டிப்போட்ட, ரொட்டிக்குக் கெஞ்சுகிற ஒரு பிள்ளையை. அவனோடு அந்த வயதில் அவரால் குடித்தனம் நடத்த முடியவில்லை. அடுப்பு பற்றவைப்பது குறைந்தது. அண்ணன் மகள்கள் வந்து தட்டை வைத்தால், “அவன் சாப்பிட்டானா?” என்று கேட்பாராம்.

நகராட்சியில் அந்த அம்மாள் கேட்டது ஃபெர்மினிடமிருந்து வந்தது என்று பரவி, ஊரின் கோபம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் டீச்சர். கசாப்புக் கடையில் ஒருவன் என் காதுபடவே கேட்டான், “என்ன ஃபெர்மின், செத்தவன வித்தாவது பென்ஷன் வாங்கிரலாம்னு பாக்குறியா?” இன்னொருவன், “தீவப் பாக்காதவனுக்குத் தீவுக் கதை” என்றான். ஃபெர்மின் எலும்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். பள்ளிச் சுவரில் அவரைப் பற்றிக் கரியால் எழுதினார்கள். அதையும் காலையில் வாளி எடுத்துவந்து அவரே கழுவினார். மே மாதம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, நிலைமை அடங்கும்வரை விடுப்பில் இருக்கும்படி சொன்னார். நிலைமை அடங்கவே இல்லை.

போவதற்கு முன் சாவிக்கொத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.

“நீங்க நல்லதுதான் நெனச்சீங்க டீச்சர்” என்றார். “நானும் அன்னைக்கு நல்லதுதான் நெனச்சேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை.

எர்மெலிந்தா அக்டோபரில் செத்துப்போனார். இதயம் என்று டாக்டர் எழுதினார். உடம்பில் ஒன்றும் இல்லை, எலும்புதான், தூக்கினவர்களுக்குக் கனமே தெரியவில்லை என்று சவ ஊர்வலத்தில் யாரோ சொல்ல, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மைரா அங்கேயே தெருவோரம் குந்தி வாந்தி எடுத்தாள். கல்லறைத் தோட்ட வாசலில் ஃபெர்மின் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, கையில் தொப்பி. உள்ளே வர ஒரு அடி வைத்தார். எர்மெலிந்தாவின் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் குறுக்கே வந்து நின்றார்கள்.

“அவங்க உன்ன வராதேன்னு சொல்லியிருக்காங்க. சொன்னது சொன்னதுதான்.”

அவர் வாதாடவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அங்கே யாரும் இல்லை.

நினைவுக்குழுவுக்குப் பதிவை அனுப்பினேன். அந்த அம்மாளே போய்விட்ட பிறகு யாருக்காக மறைப்பது? டிசம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேசியவர் அதிகாரப்பூர்வப் பட்டியலில் போர்வீரராக இல்லாததால் ஏற்க இயலவில்லை, மாணவர்களின் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம் என்று இரண்டு வரி. மைராவுக்கும் நாவெலுக்கும் ஆளுக்கொரு சான்றிதழ். நாவெல் அதை வாங்க வரவேயில்லை. மைரா வாங்கிக்கொண்டு, “டீச்சர், நாம அவர அப்பவே விட்டிருக்கலாம்ல?” என்று கேட்டாள். வரலாறு படிக்கப் போவதாக இருந்த பெண். கணக்குப்பதிவு படிப்பில் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் கோடை முடிகிற நேரத்தில் ஃபெர்மினைத் தேடிப் போனேன். எழுபது கிலோமீட்டர் தள்ளி, நெல்வயல் கூலிகளின் குடியிருப்பில் தங்கை தெலியாவோடு இருந்தார். யூக்கலிப்டஸ் நிழலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். எழுபது சொல்லலாம்.

“பேச்சே இல்ல டீச்சர்” என்றாள் தெலியா. “குளிக்கச் சொன்னா குளிப்பாரு. படுக்கச் சொன்னா படுப்பாரு. தட்ட மட்டும் கையாலயே தள்ளிவிட்டுருவாரு. நான் ஊட்டினாத்தான். அங்க என்னதான் நடந்துது? நீங்களாவது சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. என்னிடமிருந்து இன்னொருவருக்கு அது போக வேண்டாம்.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பள்ளியைப் பற்றிச் சொன்னேன். புதுக் காவலாளி மணியை நேரத்துக்கு அடிப்பதில்லை என்றேன். வயலில் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் சத்தத்தையே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. பார்த்தார். நான் யார் என்று தெரிந்த பார்வை அது. அப்புறம் மெல்ல எழுந்து, முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

தெலியா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என் அருகே வந்தாள்.

“இனிமே வராதீங்க டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கேட்டைத் திறக்கும்போதே அவரு உள்ள போக எந்திரிக்கப் பாத்தாரு, நான் பாத்தேன்.”

சரி என்றேன். திரும்பிப் போகும் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பெருஞ்சாலை வரைக்கும் மண்ரோட்டில் நடந்தேன்.